பெட்டி வைக்கும் மூலை

"எங்க வெக்கப் போறீங்க சார்?" என்று ஜாகிர் பாய் கேட்டது சாதாரணக் கேள்விதான். ரிச்சி தெருவின் இரைச்சலைக் கீழே விட்டுவிட்டு, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய மாடிப்படியில் ஏறி, முதல்முதலாகக் கேம் ஆடுவதற்கென்றே ஒரு கம்ப்யூட்டர் கட்டப் பாகம் பொறுக்க வருகிற எல்லாரிடமும் அவர் கேட்பது. மேசைமேலா, மேசைக்கு அடியிலா, ஏசி உண்டா, புழுக்கமான ஹாலா. அதைப் பொறுத்துத்தான் கேபினட், அதாவது எல்லாவற்றையும் உள்ளே வைத்து மூடுகிற பெட்டி. பெட்டிக்குத் தக்க மதர்போர்டு, மதர்போர்டுக்குத் தக்க மற்றதெல்லாம். தணிகைவேல் இதையெல்லாம் கரைத்துக் குடித்தவன். ஃபோனில் வீடியோ பார்த்துப் பார்த்து, படத்தை ஓட்டுகிற எந்த கிராஃபிக்ஸ் கார்டுக்கு எத்தனை ஃபேன், எந்த ப்ராசசர் எவ்வளவு சூடாகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். இந்தக் கேள்விக்கு மட்டும், "வீட்லதான் பாய்," என்றான். பாய் சிரித்துவிட்டார். "வீட்லதான் வெப்பீங்க, மவுண்ட் ரோட்டுலயா வெப்பீங்க? வீட்ல எங்க?" அவன் கண்ணாடி அலமாரியில் அடுக்கியிருந்த ஃபேன்களை முதல் தடவை பார்ப்பவன் மாதிரி பார்த்தான். "சொல்றேன் பாய். மொதல்ல கார்டப் பாத்துடலாமே," என்றான். பாய் கார்டை எடுக்க உள்ளே போனார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். முப்பத்தாறு வயதுக்காரன், ஒரு பம்ப் கம்பெனியில் பில் பார்க்கிறவன், யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யாமல் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, திருடப் போன வீட்டில் விளக்கு எரிந்ததைப் பார்த்தவன் போல வியர்த்துக்கொண்டிருந்தான்.

எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியும். அதுதான் சிக்கல். அயனாவரத்து வீட்டில் ஒரு ஹால், ஒரு ரூம், ஆள் திரும்பினால் பாத்திரம் விழுகிற சமையலறை. ஹாலில் அவனும் சுமித்ராவும் படுப்பது. காலையில் மெத்தையை மடித்துப் போட்டால் அது வீடு. ரூம் அப்பாவுடையது. உள்மூலையில் சுவரை ஒட்டி அப்பாவின் கட்டில், தலைமாட்டில் ஆக்சிஜன் மெஷின், முழங்கால் உயரம், வெள்ளை, சக்கரம் வைத்தது, பகலும் இரவும் பெருமூச்சு விட்டுக்கொண்டே இருப்பது. அதற்கென்று ஆளைக் கூப்பிட்டுப் போட்ட பெரிய ப்ளக் பாயிண்ட், கரண்ட் போனால் தானாக இன்வெர்ட்டருக்கு மாறிக்கொள்ளும். வெயில் படாத, தூசி வராத, பெரிய ப்ளக் உள்ள மூலை அந்த வீட்டில் அது ஒன்றுதான். அங்கேதான் கம்ப்யூட்டர். எத்தனையோ மாதமாக, பஸ்ஸில் தொங்கும்போது, பல் தேய்க்கும்போது, மேனேஜர் திட்டிக்கொண்டிருக்கும்போது, அவன் அந்த மூலையில் ஒரு மேசையைப் போட்டு, மேசைமேல் பெரிய கருப்புப் பெட்டியை வைத்து, பெட்டியின் கண்ணாடிப் பக்கம் தன்னைப் பார்க்கும்படி கொஞ்சம் திருப்பி, ஹெட்ஃபோன் மாட்ட ஆணிகூட அடித்துவிட்டான். நாற்காலி இருந்தது, திரை இருந்தது, திரையின் நீல வெளிச்சம் சுவரில் விழுந்தது. கட்டில் மட்டும் இல்லை. என்றைக்குப் போயிற்று? அவன் எடுக்கவில்லை. சத்தியமாக அவன் கை வைக்கவில்லை. முதல் நாள் அந்தப் படம் மனசில் வந்தபோதே கட்டில் இல்லாமல்தான் வந்தது, ஆக்சிஜன் மெஷினும் இல்லாமல், சுவரில் அந்த ப்ளக் மட்டும் காலியாக, வா வந்து சொருகு என்கிற மாதிரி. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டானே, அது யார்? அவன்தான். சுமித்ராவிடம் சொன்னபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "இப்ப எங்கங்க எடம்? அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்," என்றாள். அவனும், "ஆமா ஆமா, அப்புறம்தான்," என்றான். எதற்கு அப்புறம் என்று அவள் சொல்லவில்லை, இவன் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ரூம் பக்கம் பார்த்துவிட்டு, பார்த்தது தெரிந்துவிட்டதே என்று வேறு பக்கம் பார்த்தார்கள். அவள் களைந்த தண்ணீரைக் கொட்டினாள். அன்று சோறு குழைந்துபோயிற்று.

பாய் கார்டைக் கொண்டுவந்து வைத்தார். வீடியோவில் கையகலமாகத் தெரிந்தது, நேரில் முழங்கை நீளம் இருந்தது, மூன்று ஃபேன், பிறந்த குழந்தையின் கனம். எடுத்துப் பாருங்க என்றார். எடுத்ததும் உள்ளங்கையில் ஒரு குளிர்ச்சி. ஐயோ, எவ்வளவு அழகு என்று மனசு குதித்தது, குதித்த வேகத்தில் போய் எதிலோ இடித்துக்கொண்டது. "இது பெரிய டவர் பெட்டிலதான் சார் சுகமா உக்காரும். சின்னப் பெட்டில திணிக்கலாம், திணிச்சா மூச்சு முட்டும். காத்து முன்னால இழுக்கணும், பின்னால விடணும். மூச்சு முட்டுச்சுன்னா கார்டு சீக்கிரம் போயிடும்," என்றார் பாய். அவர் தினம் பத்துப் பேரிடம் சொல்வதுதான். தணிகைவேலுக்கு அப்பாவின் தோள்பட்டை இரண்டும் ஏறி இறங்குவது கண்ணில் வந்து நின்றது. முன்னால இழுக்கணும், பின்னால விடணும். அப்பா பல்லவன் பஸ் காலத்திலிருந்தே கண்டக்டர். படிக்கட்டில் நின்றுகொண்டு ஊர்ப் புகையையெல்லாம் உள்ளே இழுத்தவர். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பீடி பிடிப்பாரா என்று கேட்டார், இல்லை சார், பஸ்ல போவாரு என்றான் இவன், டாக்டர் சிரித்தார். எவ்வளவு நாள் என்று இவன் கேட்கவில்லை. கேட்கத் தைரியமில்லை என்றுதான் எல்லாரிடமும் சொன்னான். தைரியமில்லையா? அல்லது கேட்டுவிட்டால் மனசுக்குள் ஒரு தேதி விழுந்துவிடும், விழுந்தால் கம்ப்யூட்டர் வாங்குகிற தேதியும் அதன் பக்கத்திலேயே வந்து குந்திக்கொள்ளும் என்ற பயமா? பாய் சுவிட்சைத் தட்டினார். கடையில் காட்டுவதற்கென்று கட்டிவைத்திருந்த மெஷினின் ஃபேன்கள் சுழன்றன, ஊ என்று ஒரு சத்தம், மெல்ல ஏறி ஒரே சீராக நின்றது. தணிகைவேல் சட்டென்று திரும்பினான். அப்பா ரூமின் சத்தம். அதே சுருதி. அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்வரை வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அது நின்ற மாதிரி தோன்றினால் சமையலறையிலிருந்து சுமித்ராவும் ஹாலிலிருந்து இவனும் ஓடுவார்கள். "இந்தச் சத்தம் வேணாம்னா இன்னொரு மாடல் இருக்கு சார். ஓடுதா இல்லையான்னே தெரியாது, அவ்ளோ அமைதி," என்றார் பாய். "வேணாம்," என்றான் அவசரமாக, "சத்தம் இருக்கட்டும்." பாய் அவனை ஒரு மாதிரி பார்த்தார். சத்தம் வேண்டும் என்று கேட்டு வாங்குகிற முதல் ஆள் இவனாகத்தான் இருக்கும்.

அளந்ததைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. நினைத்தது நினைத்ததோடு போயிருக்கலாம், நினைப்புக்குச் சாட்சி கிடையாது. போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்று இவன் முடிவு செய்துகொண்டான். இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு போய், சுவர் ஓரத்திலிருந்து ஜன்னல்வரை, பிறகு குனிந்து கட்டிலுக்கு அடியில் கையை விட்டு ப்ளக் பாயிண்ட்வரை. டேப் நழுவிச் சரக்கென்று சுருண்டுகொண்டது. "இன்னாடா அளக்குற?" கண்ணைத் திறக்காமலே அப்பா கேட்டார். "கொசுவலைக்குப்பா." எங்கிருந்து வந்ததோ அந்தப் பொய், கூப்பிடாமலே வந்து நின்றது. அப்பா கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டார். மூக்கில் குழாய் இருப்பதால் ஒரு வாக்கியம் பேசுவதற்கு முன் அவர் சேமிக்கவேண்டும். "இங்க ஏதுடா கொசு?" என்றார். "வரும்பா. மழக்காலம் வந்தா வரும்," என்றான். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சுமித்ரா அவனைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய், "படுத்துக்கினு இருக்கற மனுஷன் பக்கத்துல டேப்ப நீட்டி அளப்பாங்களா? எங்க வீட்ல விளையாட்டுக்குக்கூட அளக்க விடமாட்டாங்க. அது எதுக்கு அளக்கறதுன்னு உங்களுக்குத் தெரியாது?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். தெரியும். பாடைக்கு. தெரியாமல் அளந்தேன் என்று சொல்ல முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். அதற்கப்புறம் தினம் சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து குரல் வரும்: "கொசுவல வந்துச்சா?" இல்லப்பா, நாளைக்கு என்பான். மறுநாளும் அதே கேள்வி. கிண்டலா, நம்பித்தான் கேட்கிறாரா? முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால், முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை. இன்றைக்கு ஆபீசில் வேலை என்று சொல்லிவிட்டு வந்தான். சனிக்கிழமை மத்தியானம் எந்த ஆபீசில் பம்புக்குப் பில் போடுகிறார்கள்?

அப்பா மற்ற அப்பாக்கள் மாதிரி அடித்திருந்தால் கணக்கு நேராகியிருக்கும் என்று அவன் நினைத்ததுண்டு. பதினொன்றாவது படிக்கும்போது ஓட்டேரியில் ஒரு ப்ரௌசிங் சென்டர், மரத்தடுப்பு போட்டுப் புறாக்கூண்டு மாதிரி, உள்ளே ஒரு கார் ரேஸ் கேம். ஸ்கூல் விட்டதும் அங்கே போய்விடுவான். கடைசிச் சுற்று வருவதற்குள் நேரம் முடிந்து திரை அணைந்துவிடும். ஒரு நாளும் முடித்ததில்லை. ஒருநாள் தடுப்புக்கு மேல் எட்டிப் பார்த்தால், எதிர் டீக்கடை பெஞ்சில் அப்பா. காக்கி யூனிஃபார்ம், மடியில் தோல் பை. டூட்டி முடிந்து நேராக வந்திருக்கிறார். இன்றைக்குத் தோல் உரியப் போகிறது என்று நினைத்துக்கொண்டே ஆடினான். அவர் வரவில்லை, கூப்பிடவுமில்லை, டீயைக்கூடக் குடித்து முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். இவன் வெளியே வந்ததும் எழுந்து கூடவே நடந்தார். தெருமுனையில், "ஜெயிச்சியா?" என்றார். "இல்லப்பா. நேரம் முடிஞ்சிடுச்சு." "வூட்ல ஒண்ணு இருந்துச்சின்னா முடிச்சிருப்ப, இல்ல?" என்றார். அவ்வளவுதான். வீட்டில் ஒன்று வரவில்லை. தங்கை கல்யாணம், அம்மா ஆஸ்பத்திரி, அம்மா போனது, இவன் கல்யாணம், ஒவ்வொன்றும் வரிசையில் முன்னால் வந்து நின்றுகொண்டது, நியாயமாகத்தான். யார்மேலும் குறையில்லை. ஆனால் இத்தனை வருஷம் கழித்து, ஒருவழியாகத் தன் முறை வருகிறது என்று பார்த்தால், முன்னால் நிற்பது அப்பா மட்டும். அவர் நகர்ந்தால்... என்று ஆரம்பித்த நினைப்பைத் தணிகைவேல் அப்படியே மிதித்தான். மிதிபட்டுக்கொண்டே அது முடிந்தது. அவன் காதுக்கே கேட்கிற மாதிரி "சே" என்றான். பக்கத்தில் கீபோர்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"பெரிய டவரே போட்டுடட்டுமா சார்?" பாய் கால்குலேட்டரைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். சின்னப் பெட்டி என்றால் ஹாலில் டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் நுழையும். கார்டு சின்னதாகும், ஆட்டம் திக்கித் திக்கி ஓடும், ஆனால் யாரும் எங்கும் நகர வேண்டாம். பெரிய டவர் என்றால் அந்த மூலை. சின்னதைச் சொல்லிவிடு, சொல்லிவிட்டு மனுஷனாக வீட்டுக்குப் போ என்று ஒரு குரல். இத்தனை வருஷம் காத்துவிட்டு மட்டமானதை வாங்கிக்கொண்டு போய் ஆயுசுக்கும் அழுவாயா என்று இன்னொன்று. பெரியதையே வாங்கி, பிரிக்காமல் பரணில் போட்டுவைத்தால் என்ன என்று மூன்றாவதாக ஒரு குரல், இதுதான் புத்திசாலிக் குரல், இதைத்தான் அவன் காலையிலிருந்து கேட்டுக்கொண்டு வந்தான். "எடுத்துக்கறேன் பாய். ஆனா ஒடனே மாட்டல. கொஞ்ச நாள் பெட்டியோட இருக்கட்டும்," என்றான். பாய் கால்குலேட்டரிலிருந்து விரலை எடுத்தார். "அப்புடிப் பண்ணாதீங்க சார். பில்லு போட்ட இன்னிக்கே வாரண்டி ஓட ஆரம்பிச்சுடும். ஏதாவது பீஸ் கோளாறுன்னா மாட்டிப் பாத்தாதான தெரியும்? எப்ப மாட்டுவீங்க, அதச் சொல்லுங்க. அடுத்த மாசமா? பொங்கல் கழிச்சா?" எங்கே என்று கேட்டது போதாதென்று இப்போது எப்போது என்கிறார். தணிகைவேல் பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தான். அதற்குள் மனசு தன் பாட்டுக்கு எண்ண ஆரம்பித்துவிட்டது. கார்த்திகைப் பனியில் இழுப்பு அதிகமாகும், மார்கழி தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லாததையெல்லாம் சொல்லிக்கொண்டு, தை என்றது. தை பிறந்தால் வழி பிறக்கும். அப்பாவின் மூச்சை வாரண்டியில் கழித்துப் பார்க்கிறேன் நான் என்று அவனுக்குத் தெரிந்தது. "தண்ணி இருக்கா பாய்?" என்றான். அவர் பாட்டிலை நீட்டியபோது சட்டைப் பையில் ஃபோன் அடித்தது. அப்பா என்று எழுதியிருந்தது.

அப்பா ஃபோன் செய்யமாட்டார். பேச மூச்சு வேண்டுமே. அவன் பாட்டிலையும் ஃபோனையும் ஒரே கையில் பிடிக்கப் பார்த்து, தண்ணீரைப் பேண்டில் கொட்டிக்கொண்டு, "அப்பா? இன்னாப்பா? சுமித்ரா எங்க?" என்று கத்தினான். அந்தப் பக்கம் மெஷினின் ஊ சத்தம்தான் முதலில் வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவன் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. "கத்தாத," என்றார் அப்பா. "நல்லாத்தான் கீறேன். கடையில கீறியா?" ஆபீஸ் என்று சொல்ல நாக்கு எழுந்தது. கீழே தெருவில் ஒருவன் மெமரி கார்டு மெமரி கார்டு என்று கூவிக்கொண்டிருந்தான். "ஆமாம்பா," என்றான். "சுமித்ராவக் கேட்டேன். அவ பொய் சொல்லத் தெரியாம முழிச்சா. பாவம், திட்டாத அவள." மூச்சு. "கொசுவலைக்கு அளக்கறவன் கட்டிலுக்கு அடியில பூந்து ப்ளக்க எதுக்குடா பாக்கறான்?" இவன் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றான். பிடிபட்டவன் நின்றால்தான் மரியாதை. பாயும் கால்குலேட்டரைத் தள்ளிவைத்துவிட்டு வேறு எங்கோ பார்த்தார். "அப்பா, நான் வந்து..." என்று ஆரம்பித்தான். "இருடா, பேசி முடிச்சிக்கறேன். எனக்கு மூச்சு வேணும்." காத்திருந்தான். முன்னால இழுக்கணும், பின்னால விடணும். "நானும் அளந்து பாத்தேன். சாணால. நீ போனப்புறம் சுவரப் புடிச்சிக்கினு. என் கட்டில ஜன்னல் பக்கம் தள்ளிப் போட்டுட்டா, அந்த மூலைல மேசை தாராளமா நிக்குது. மெஷினுக்கு ஒயரு நீட்டிக்கலாம். பெரிய பெட்டியே வாங்கு. நாப்பது பேர் ஏறுற பஸ்ல தொண்ணூறு பேர ஏத்தினவன்டா நானு. ஒரு பெட்டிக்கு எடமில்லாம பூடுமா? கொஞ்சம் உள்ள தள்ளி நின்னா எல்லாரும் போலாம்."

தணிகைவேலின் கையிலிருந்து பாட்டிலைப் பாய் மெதுவாக வாங்கி வைத்தார். தள்ளிப் போடுவது. கட்டிலைத் தள்ளிப் போடுவது. மேசைக்கு அந்த மூலையில் ஆணிவரை அடித்தவன், சுவரிலிருந்து ஜன்னல்வரை டேப்பை நீட்டி அளந்தவன், ஜன்னலோரம் அத்தனை இடம் காலியாகக் கிடப்பதைக் கண்ணால் பார்த்தவன். கட்டிலை நகர்த்தலாம் என்று அவனுக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. எடுத்துவிடுவது மட்டும்தான் தோன்றியது. நாலு கால் உள்ள ஒரு மரக்கட்டிலை நாலடி இழுப்பதைவிட அதில் படுத்திருக்கிறவர் செத்துப்போவது சுலபமாகத் தோன்றியிருக்கிறது. அப்பாவுக்கு இது தெரியுமா? இங்கேதான் அவன் மனசு முட்டிக்கொண்டு நின்றது, மேலே போகவில்லை. தெரிந்தால் இப்படிப் பேசமுடியுமா? தெரியாவிட்டால் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஏன் அளக்கவேண்டும்? மூக்குக் குழாயைக் கழற்றிவிட்டா அளந்தார், மாட்டிக்கொண்டா? குழாய் அவ்வளவு தூரம் எட்டாதே. "அப்பா, கரண்ட் போனா இன்வெர்ட்டர் ரெண்டையும் தாங்காதுப்பா," என்றான். "கரண்டு போச்சின்னா நீ ஆட்டத்த நிறுத்திக்க," என்றார் அப்பா. "நான் நிறுத்த முடியாது பாரு." சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நீண்டு, பின்னால் சுமித்ராவின் குரல் கேட்டு, மறுபடி ஊ சத்தம் மட்டும் வந்தது. வைத்துவிட்டார் என்று நினைத்தான். வைக்கவில்லை. "டேய். அந்தக் கார் ஓட்டுவியே, அது கெடைக்குமா இப்ப? படுத்துக்கினே பாப்பேன்." மூச்சு. "அப்புறம், கொசுவல மறக்காத. இந்த மூலைல கொசு இல்லதான். ஜன்னலாண்ட போய்ட்டா கடிக்கும்."

ஃபோனைப் பையில் போடுவதற்கு அவனுக்கு நேரம் பிடித்தது, பை எங்கே இருக்கிறதென்றே தெரியாதவன் மாதிரி சட்டையைத் தடவினான். முகத்தைத் துடைத்துக்கொண்டான். கீபோர்ட் பெண் நாகரிகமாக முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். ஜாகிர் பாய், கடைக்காரரில்லையா, கேட்டுத்தானே ஆகவேண்டும், குரலைத் தாழ்த்தி, "பெரிய டவரா சார்?" என்றார்.

"பெரிசுதான்."

"எங்க வெக்கறீங்க?"

"அப்பா ரூம்ல," என்றான் தணிகைவேல். "பாய், இந்தப் பக்கம் கொசுவலை எங்க கெடைக்கும்?" என்று கேட்டான்.